பதினான்காம் இருக்கையின் பலகை

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தங்கச்சிமடத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். கடலுக்குப் போய்த் திரும்பாத ஆட்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. செத்தவர்கள் திரும்பி வருவது நிஜமென்றால் எங்கள் தெருவில் நடக்க இடம் இருந்திருக்காது, அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் வரைக்கும்.

நீங்கள் நம்பினாலும் சரி, கிழவிக்குக் கண் கோளாறு என்று சிரித்தாலும் சரி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் போன பிறகு ராமநாதபுரத்தில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். மெடிக்கல் கோடிங் என்று சொல்வார்கள். அது என்ன என்று எனக்கு விளங்க வைத்தது முத்துலட்சுமி என்கிற பிள்ளை. அபிராமம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள், அவள் அய்யா மிளகாய் பயிர் போடுகிறவர். வெளிநாட்டில் ஒரு ஆளுடைய மூத்திரத்தையோ ரத்தத்தையோ எடுத்து, உடம்பில் போதை மருந்து இருக்கிறதா என்று லேபில் பார்ப்பார்களாம். அந்தச் செலவை இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டுமானால், என்ன சோதனை என்பதற்கு ஒரு நம்பர், எதற்காகச் சோதனை என்பதற்கு ஒரு நம்பர் போட்டு அனுப்ப வேண்டும். டாக்டர் எழுதியதைப் படித்து அந்த நம்பரைப் போடுவதுதான் இந்தப் பிள்ளைகளின் வேலை.

"எங்கயோ இருக்கவுக மூத்திரத்துக்கு இங்கன உக்காந்து கணக்கெழுதுறிய" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இதை வீட்டுல சொல்லிராதிய பெரியம்மா, மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்காக."

அந்த ஹாலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, பேனா பேப்பர் கூடாது. நோயாளி விவரம் எதையும் யாரும் எழுதி வெளியே கொண்டுபோய்விடக் கூடாதாம். அதனால் ஒவ்வொரு இருக்கையிலும் சிலேட்டு அளவில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். ஏதாவது குறிக்க வேண்டுமானால் அதில் குறித்துக்கொள்வார்கள். மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போனதும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நான் எல்லாப் பலகையையும் துடைத்துவிட வேண்டும். எனக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்பு. இங்கிலீஷ் தெரியாது, எண் மட்டும் தெரியும். தெரியாதவள் துடைப்பதுதான் அவர்களுக்கும் நல்லது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஒரு மணி இருக்கும், வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏசியில் எனக்குக் கை விறைக்கும். எல்லாரும் சாப்பாட்டு அறையில். நான் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். பதினான்காவது முத்துலட்சுமி இருக்கை. பலகையில் எட்டு எண் எழுதியிருந்தது. துடைத்தேன். அடுத்த இருக்கைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் அதே எட்டு எண் அப்படியே இருக்கிறது.

சரியாகத் துடைக்கவில்லை போல என்று மருந்துத் தண்ணீர் தெளித்து அழுத்தித் துடைத்தேன். பளிச்சென்று போனது. நகரவில்லை நான், அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடலோரத்து வீட்டுச் சுவரில் உப்புப் பூக்கும் பாருங்கள், யாரும் எழுதாமல் உள்ளேயிருந்து மேலே வரும், அந்த மாதிரி ஒவ்வொரு எண்ணாக வந்தது.

பயம் வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எனக்கு என்ன தோன்றியது என்றால், யாரோ மனுவை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள், யாரிடம் கேட்பது என்று தெரியாமல். நான் அப்படி நின்றிருக்கிறேன். என் இளைய மகனைக் கூட்டாளியின் பையில் கிடந்த போதை மாத்திரைக்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனபோது, ஸ்டேஷன் வாசலில் ரெண்டு நாள் நின்றேன். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்க எனக்குக் கூச்சம். அவன் மேல் தப்பில்லை என்று அவர்களே விட்டுவிட்டார்கள். ஆனால் ஊரில் மாத்திரைக்காரன் என்கிற பேர் மட்டும் போகவில்லை. மீன் பிடிக்கப் போகிற ஒரு போட்டிலும் அவனை ஏற்றவில்லை. அவன் கேரளாவுக்குப் போனவன்தான், கிறிஸ்துமஸுக்குக்கூட வருவதில்லை.

முத்துலட்சுமியைப் போய்க் கூட்டிவந்தேன். சோற்றுக்கையோடு வந்தாள்.

"என்ன பெரியம்மா, பலகையில ஒண்ணுமே இல்லையே!"

"இருக்கு தாயி. நல்லாப் பாரு."

"பளபளன்னு இருக்கு, என் மூஞ்சிதான் தெரியுது. வெயில்ல வந்தியளோ?"

அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. என்ன செய்வேன், வாய்விட்டுப் படித்தேன். "நாலு, சைபர், ரெண்டு, ஏழு, ஏழு, அஞ்சு, ஒண்ணு, மூணு."

கிழவி விளையாடுகிறது என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் அடித்தாள். அடித்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அது காலையில் அவளே முடித்த ஃபைலின் நம்பர். அன்றைக்கு மட்டும் அவள் நாற்பது ஃபைல் முடித்திருந்தாள், ஒரு நம்பரையும் பலகையில் எழுதவில்லை என்று சத்தியம் செய்தாள்.

ஃபைலைத் திறந்து படிக்கப் படிக்க அவள் முகம் வாடியது. "தப்புப் பண்ணிட்டேன் பெரியம்மா" என்றாள். அதற்கு முன்னால் வந்த பத்து ஃபைலும் போதையிலிருந்து மீட்கிற ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவை. எதற்காகச் சோதனை என்கிற இடத்தில் போதைப் பழக்கம் என்று அதற்குரிய நம்பரை வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தவள், கை போன போக்கில் இதற்கும் அதையே போட்டுவிட்டாள். இது அப்படிப்பட்ட ஆள் இல்லை. எலும்பில் புற்றுநோய், டாக்டர் சொல்லி வலி மாத்திரை சாப்பிடுகிறவர், அளவாகச் சாப்பிடுகிறாரா என்று பார்க்கத்தான் சோதனை. அதற்கு வேறே நம்பர் இருக்கிறதாம்.

"யாரு தாயி அது?"

"பேரு சொல்லக் கூடாது. ஒரு அம்மா. உங்க வயசுதான் இருக்கும்." அப்புறம் திரையில் இன்னும் கீழே போய்ப் படித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டெஸ்ட் எடுத்து நாலாம் நாள் இறந்துட்டாக பெரியம்மா."

அப்புறம் திரையின் மூலையில் மணியைப் பார்த்தாள்.

நாலு மணிக்கு அன்றைக்கு முடித்த ஃபைல் கட்டு முழுவதும் வெளிநாட்டுக்குப் போய்விடும். அதற்கு முன்னால் சொல்லித்தான் திருப்பி வாங்க வேண்டும், சொன்னால் அது அவள் பேரில் ஒரு தப்பாக ஏறும். அந்த மாதம் ஏற்கனவே ரெண்டு ஏறியிருந்தது. மூன்றாவது ஏறினால் வேலையை விட்டு நிறுத்தலாம். அவள் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான்.

"செத்துப்போனவுகதானே பெரியம்மா," என்றாள் மெதுவாக. என் முகத்தைப் பார்க்கவில்லை. "இனிமே பேரு எப்படி இருந்தா அவுகளுக்கு என்ன?"

நான் அந்த ஆபீசில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன், யார் வேலையிலும் தலையிட்டு ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அன்றைக்குப் பேசினேன். "எம்மவன் உசிரோட இருக்கான் தாயி. அவனாலயே அந்தப் பேரைத் துடைக்க முடியல. இந்த அம்மா எங்க போயிச் சொல்லும்? பாஷ தெரியாத இடத்துல வந்து நிக்குது பாரு."

அவள் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு டீம் லீடர் அறைக்குப் போனாள். நான் துடைப்பத்தோடு வாசலில் நின்றேன், உள்ளே பேசியது கேட்டது.

"யாரும் கண்டுபிடிக்கல, நீயா வந்து வலையில விழுறியே முத்து, புத்தி இருக்கா?"

"விழுந்துட்டுப் போறேன் சார். அதைத் திருப்பி எடுங்க."

"இது மூணாவது. தெரியும்ல?"

"எண்ணிக்கிட்டுத்தான் சார் வந்தேன்."

டீம் லீடர் தம்பி கொஞ்ச நேரம் சத்தம் போட்டார். அப்புறம் கட்டைத் திருப்பி எடுத்துக் கொடுத்தார். அவளை நிறுத்தவில்லை, புதுசாக வந்த பிள்ளைகளோடு ரெண்டு வாரம் மறுபடி டிரெயினிங்கில் உட்கார வைத்தார்கள். கூட இருந்தவர்கள் எல்.கே.ஜி. அக்கா என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள், அவளும் சிரித்துக்கொண்டாள்.

இது எப்படி என்று நானும் எத்தனையோ யோசித்துவிட்டேன். ஹாலில் கேமரா உண்டு. சாயங்காலம் டீம் லீடர் தம்பி எதற்கோ அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வெறும் பலகையை அப்படி என்ன துடைச்சுக்கிட்டு நிக்கிறிய?" என்று கேட்டார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். வெறும் பலகை என்றால் அந்த எட்டு எண் என் வாயில் எப்படி வந்தது, அதை அவரிடம் நான் கேட்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது. இதை முத்துலட்சுமியிடம்கூட நான் சொன்னதில்லை.

அவள் சரியான நம்பரைப் போட்டுத் திரும்ப அனுப்பியபோது மணி மூன்றரை. "அழிச்சிருங்க பெரியம்மா" என்றாள். எண் அப்போதும் என் கண்ணுக்கு இருந்தது. துணியை வைத்தேன். ஒரே இழுப்பில் போய்விட்டது, திரும்ப வரவில்லை. துணியை எடுத்துவிட்டு வெறும் கையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். சும்மாதான், ஒரு பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. ஐஸ் மாதிரி இருக்கிற அந்த ஹாலில், அந்தப் பலகையில், என் உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு இல்லை. நெடுநேரம் யாரோ கை வைத்திருந்து அப்போதுதான் எடுத்த சூடு. நான் கையை எடுக்கவில்லை. ஆறுகிற வரைக்கும் வைத்துக்கொண்டு நின்றேன்.