வெயில் காட்டிய தீவனக் குழி

"பச்சச் சோளத்தக் குழியில போட்டு மூடவாத்தா உன்னயப் படிக்க வச்சேன்?" என்று கேட்டார் அய்யா. கதிர் பால் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் தானியமாகிற பயிரை நான் அறுக்கச் சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், கல்லூரியும் முடித்தேன். எனக்கு அதில் கர்வம் உண்டு. திருப்புல்லாணியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் மழை ஒரு போகத்துக்குத்தான் வரும். சித்திரைக்கு முன்பே வைக்கோல் தீர்ந்துவிடும். தரகர் வண்டியோடு வருவார். ஒவ்வொரு கோடையிலும் ஒரு மாடு போகும். இந்த முறை தொழுவத்தில் மிஞ்சியிருந்தது செவலைப் பசு ஒன்றுதான். முதல் சினை. அதை வண்டியில் ஏற்ற விடமாட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

சோளத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, குழியில் போட்டு அய்யா, அம்மா, நான் மூவரும் மிதித்தோம். காற்றுப் புகாமல் இறுகிக் கிடந்தால் அது அழுகாமல் புளிக்கும். புளித்த தீவனம் கோடை முழுக்கத் தாங்கும். தார்ப்பாய் மூடி மண்ணையும் போட்டபின், "இதத் தெறக்கவே கூடாதும்மா, காத்துப் பட்டாப் போச்சு" என்றேன். அம்மா தலையாட்டினாள். நான் வழக்கம்போல ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

பங்குனிக் கடைசியில், வைக்கோல் தீர்ந்த அன்று, குழியைத் திறந்தேன். பழம் புளித்த வாசனை வரும் என்று நினைத்திருந்தேன். எலி செத்த நாற்றம் வந்தது. மேலே வெள்ளைப் பூஞ்சணம், அதன் கீழே கறுத்த சகதி. கையை எவ்வளவு ஆழம் விட்டாலும் அதேதான். செவலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வெயிலு காட்டுனேனேத்தா" என்றாள் அம்மா.

"எத?"

"இதத்தான். நீ வேலைக்குப் போனப்பெறகு மண்ணத் தள்ளி, தார்ப்பாயத் தூக்கி, வெயிலு காட்டி மூடுவேன். ஒரு வருசம் வத்தல ஈரத்தோட மூடி வச்சுப் பூத்துப்போச்சுல்ல? உன் பேரு கெட்டுறக் கூடாதுன்னுதான்."

மிளகாய் வற்றல், புளி, கருவாடு என்று எங்கள் வீட்டில் சேர்த்து வைக்கும் எதுவும் வெயில் காணாமல் இருந்ததில்லை. வெயிலுக்குத் திறப்பதும் கெடுக்கும் என்று அம்மாவால் நினைத்தே பார்க்க முடியவில்லை. என்னால் கோபப்படவும் முடியவில்லை.

பக்கத்துக் காட்டுச் சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, குழிக்குப் பால் தெளிச்சாச்சா?" என்றார். அய்யா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். போனை எடுத்துத் தரகரைக் கூப்பிட்டார்.

தரகர் வண்டியில் சாய்த்திருந்த பலகையில் செவலை ஏற மறுத்தது. பின்னாலிருந்து தள்ள ஆள் போதாமல் அய்யா என்னைப் பார்த்தார். நானும் விலாவில் கை வைத்துத் தள்ளினேன். வயிற்றுக்குள் கன்று அசைந்தது என் உள்ளங்கையில் பட்டது.

அம்மா இன்னமும் விடிந்ததும் கழுநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு தொழுவம் வரை போய், அப்படியே திரும்பி வருகிறாள்.

இந்த வாரம்தான் முதல் மழை பெய்தது. "மாடே இல்ல, யாருக்குத்தா தீவனம்?" என்று அய்யா கேட்டார். குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காட்டில் சோளத்தையும் விதைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். கால் மண்ணைக்கூடக் கழுவியிருக்கவில்லை.