எதிரணி இல்லாத வழக்கு

அண்ணையைக் கார் இடித்தது மொன்றியலின் ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்கு முன்னால். நடைபாதையைப் பனி மூடியிருந்ததால் அவர் தெருவில் இறங்கி நடந்தார். வளைவில் திரும்பிய கார் சறுக்கி வந்து அவருடைய வலது தோளில் மோதியது. ஓட்டி வந்தவர் பக்கத்துத் தீவான இல்-பிசாரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் இறங்கி வந்து அழுதாராம். அண்ணை பனியில் கிடந்தபடியே அவரைத் தேற்றினாராம்.

அண்ணை என் உடன்பிறந்தவர் அல்லர். எங்கள் வாடகை வீட்டிலிருந்த மூவரில் மூத்தவர். டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டிகளை ஏற்றி இறக்குபவர். நானோ யாழ்ப்பாணத்தில் பாடசாலை விவாத அணிக்குத் தலைமை தாங்கியவன். ஒலிவாங்கி பழுதான நாளிலும் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசியவன் என்று பெயர் பெற்றவன். அந்தப் பெயருக்கு மொன்றியல் மாநகரம் அளித்த பதவி, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவது. ஆகவே விபத்துச் செய்தி கேட்டுக் கலங்கிய என் உள்ளத்தின் ஒரு மூலை, உடனே ஒரு முன்னுரையை இயற்றத் தொடங்கியதை நான் குற்றமாகக் கருதவில்லை.

அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் சொன்னேன்: "அண்ணை, இதைச் சும்மா விடேலாது. வழக்குப் போடவேணும்."

"வேண்டாம் தம்பி. பிழை என்ரை பக்கந்தான். றோட்டிலை நடந்தது நானெல்லோ."

"அதை ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ! எதிரணி அதிலைதான் பிடிக்கும்."

எங்களோடிருந்த மூன்றாமவர் மட்டக்களப்புக்காரர். பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "என்ன மனே, பாவம் அந்த மனுசி. உன்ர பேச்சைக் கேட்டா அவவும் ஆஸ்பத்திரியிலதான் கிடப்பா."

இத்தகைய குறுக்கீடுகளுக்கு மேடையில் பழகியவன் நான். உரையை மூன்று பகுதிகளாக அமைத்தேன். ஓட்டுநரின் கவனயீனத்தை நிறுவுவது முதற்பகுதி. நாடிழந்து வந்தவன் தோளையும் இழந்த துயரம் இரண்டாவது. மூன்றாவது, நீதியின் பெயரால் விடுக்கும் வேண்டுகோள். உணவகத்தில் கோப்பைகளைக் கழுவியவாறே ஏற்ற இறக்கங்களைச் சரிபார்த்தேன். சமையற்காரர் நான் கடவுளை வழிபடுவதாக எண்ணி ஒலிப்பெட்டியின் சத்தத்தைக் குறைத்தார்.

இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் இருந்த பெண் சட்டத்தரணி என்னை முதற்பகுதியின் நடுவிலேயே நிறுத்தினார்.

"யார்மீது வழக்குத் தொடரப் போகிறீர்கள்?"

"ஓட்டுநர்மீது."

"இந்த மாகாணத்தில் அது முடியாது."

அவர் பொறுமையாக விளக்கினார். பிற இடங்களில் காயப்பட்டவர் மற்றவரின் பிழையை நிறுவ வேண்டும். சாட்சிகளைத் தேட வேண்டும். காப்புறுதிக்காரர் மறுப்பார், பேரம் பேசுவார், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். இந்தக் கியூபெக் மாகாணத்திலும் முன்பு அப்படித்தான். பின்னர் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். கார் விபத்தில் உடம்புக்கு நேர்ந்த காயத்துக்காக இங்கே எவரும் எவர்மீதும் வழக்குத் தொடர இயலாது. யார் பிழை என்று கேட்கப்படுவதும் இல்லை. காயப்பட்டவருக்கு அரசின் காப்புறுதி அலுவலகமே சிகிச்சையும், இழந்த சம்பளத்துக்கு ஈடும் தரும். அந்த ஆசிரியைக்கும் மணிக்கட்டு சுளுக்கியிருந்தது. அவரையும் அதே அலுவலகந்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்படியானால் எதிர்த்தரப்பு?" என்றேன்.

"இல்லை."

"நான் யாரிடம் பேசுவது?"

"மருத்துவரிடம். அவர் கேட்டால்."

எதிரணியையே ஒழித்துவிட்ட ஓர் அரசாங்கத்தின் கீழ்த்தான் நான் தஞ்சம் புகுந்திருந்தேன். நாகரிகத்தின் உச்சம் என்று அதைப் பாராட்டுவோர் உண்டு. அவர்கள் விவாதப் போட்டியில் கிண்ணம் வென்றவர்களாக இருக்க முடியாது.

சில வாரங்களின் பின்னர் அந்தக் காப்புறுதி அலுவலகம் தன் மருத்துவர் ஒருவரிடம் அண்ணையை அழைத்தது. தோள் ஆறிவிட்டது என்று அவர் முடிவு செய்தால் சிகிச்சை நின்றுவிடும். அண்ணை மறுபடியும் பெட்டி தூக்கப் போக வேண்டும். தலை வாரக்கூடக் கை எழாத மனிதர்.

அலுவலகம் என்று ஒன்றுக்குப் போவதானால் நம்மவர்கள் எப்படிப் போவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்புக்காரர் அண்ணைக்கு முகம் வழித்துவிட்டார். மேல்மாடியில் ஒரு கோட் இரவல் வாங்கினோம். டையை நான் கட்டினேன். கோட்டின் வலது கைதான் வழிக்கு வரவில்லை.

"ஐயோ, மெதுவாய், மெதுவாய்! கையைக் கழட்டிப்போட்டே கோட்டைப் போடப்போறியள்?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணன், மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீங்க."

மருத்துவரின் அறைக்குள் அண்ணை உண்மையிலேயே மாப்பிள்ளை போலத்தான் நுழைந்தார். மொழிபெயர்ப்பாளனாக நான் பக்கத்தில் அமர்ந்தேன். எப்படி இருக்கிறது என்று மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டார். என் உதவிக்குக் காத்திராமல் அண்ணை தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதிலளித்தார்: "ஃபைன் டொக்டர், தாங்க்யூ." நலம் விசாரிக்கும் பெரிய மனிதரிடம் நோகிறது என்று முறையிடுவது எங்கள் ஊரில் மரியாதையல்ல. கையை உயர்த்தச் சொன்னார். அண்ணை பல்லைக் கடித்து, தம்மால் இயன்றதற்கு மேலேயே உயர்த்தி, சிரித்தார்.

மருத்துவர் டையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். "உடையெல்லாம் நேர்த்தியாக அணிந்திருக்கிறார். அன்றாட வேலைகளுக்குக் கை நன்றாக உதவுகிறது போலும்" என்று சொல்லி எழுதத் தொடங்கினார்.

நான் எழுந்து நின்றேன். மூன்று பகுதிகளும் தொண்டைவரை வந்தன. ஆனால் அந்தப் பேனா என் முன்னுரைக்குக் காத்திருக்கும் பேனாவாகத் தெரியவில்லை.

"டையைக் கட்டியது நான். கோட்டுக்குள் கையை நுழைத்தது நாங்கள் இருவர். அப்போது அவர் கத்தினார்" என்றேன்.

"என்ன சொல்லிறாய் தம்பி? ஏன் மானத்தை வாங்கிறாய்?" என்றார் அண்ணை.

மருத்துவர் பேனாவை வைத்தார். "கோட்டை அவரே கழற்றட்டும்."

இடது கை வெளியே வந்தது. வலது கை வரவில்லை. கோட் அவருடைய தோளில் பாதியாகத் தொங்கியது. நெற்றியில் வியர்வை அரும்பியது. மருத்துவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை மட்டும் அவர் கழற்றவில்லை. கடைசியில் மருத்துவரே எழுந்து வந்து, அந்தக் கையை மெல்ல உருவினார். சட்டைக்கு மேலாகத் தோளைத் தொட்டபோதே அண்ணையின் உடம்பு துள்ளியது.

"உள்ளதைச் சொல்லிப்போடு தம்பி. றோட்டிலை நடந்தது என்ரை பிழை எண்டு சொல்லு."

நான் காத்துவந்த இரகசியத்தை ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

"அது எனக்குத் தேவையில்லாத விடயம்" என்றார் மருத்துவர். தோள் ஆறவில்லை, சிகிச்சை தொடர வேண்டும், பெட்டி தூக்கக் கூடாது என்று அறிவித்தார்.

திரும்பும் ரயிலில் கோட்டைப் போர்வைபோல் போர்த்திக்கொண்டு அண்ணை ஜன்னலோரம் அமர்ந்திருந்தார்.

"நீ இவ்வளவு சுருக்கமாய்க் கதைச்சு நான் கேட்டதேயில்லை."

"அவர் நேரம் தரேல்லை அண்ணை."

"சரி, இப்ப சொல்லு. ரொக்ஸ்பரோ வர இன்னும் நேரம் கிடக்கு."

நான் கம்பியைப் பிடித்தபடி எழுந்தேன். "மாண்புமிகு நீதிபதி அவர்களே" என்று தொடங்கியதும் எதிரே இருந்தவர்கள் செய்தித்தாள்களைத் தாழ்த்தினார்கள். ஆசிரியையின் கவனயீனத்தைத் தொட்ட இடத்தில் அண்ணை தம் நல்ல கையை உயர்த்தினார்.

"அந்தப் பகுதியை விடு தம்பி. பாவம், அவவுக்கும் கை நோகுதாம்."

விட்டேன். எஞ்சிய உரை அடுத்த நிலையம்வரைகூடப் போதவில்லை.