மாமா கடையில் நான் இழுத்த வயர்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடமும் நானும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் தென்காசியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடையைத் தனியாளாக நின்று போட்டேன். ஆய்க்குடி வயல்களில் ஓடிய பம்புசெட்டுகளில் என் கை படாததைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல்களில் முதல் குழல்விளக்கை எரிய வைத்தவனும் நான்தான். கைகொடுக்க ஆளில்லை, கற்றுக்கொடுக்க ஆளில்லை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். இதற்கெல்லாம் முன்னால், டவுசர் போட்ட வயதில், குற்றாலத்தில் நான் செய்த வேலைதான் யாருக்கும் தெரியவில்லை.

போன மாதம் என் பேரன் இரண்டு கம்ப்யூட்டர்களை ஒரு வயரால் இணைத்து, இதில் தட்டுவது அதில் வருகிற மாதிரி புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். திரையில் வந்ததெல்லாம் கிறுக்கல். இரண்டு பக்கமும் வேகம் ஒன்றாக இருக்க வேண்டுமாம். எழுத்து தொடங்குகிறது என்று ஓர் அடையாளம், முடிந்தது என்று ஓர் அடையாளம் போக வேண்டுமாம். அந்தப் பக்கம் தயாரா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். எனக்கே பாடம் எடுத்தான். சிரிப்பு வந்துவிட்டது. அட, இதைத்தானே மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நான் இழுத்துக் கட்டினேன்!

பேரருவிக்குப் போகிற பாதையில் மாமாவுக்குக் காபி கிளப். கல்லாவும் பெஞ்சும் மேலே ரோட்டோரம். அத்தையின் அடுக்களை பின்னால் பள்ளத்தில். பள்ளிக்கூடத்தை விட்டிருந்த என்னை மாமா கூட்டி வந்து வைத்திருந்தார். அந்த ஆனியில் அத்தையின் பிறந்த ஊரான ராயகிரியில் அவள் தங்கைக்குக் கல்யாணம். சீசனில் கடையை அடைக்க முடியாது என்று மாமா போகவில்லை. தனியாகப் போய்விட்டு வந்த அத்தை வேலையில் குறை வைக்கவில்லை. மாமாவிடம் பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். அவரும் நிறுத்திக்கொண்டார். ஆர்டரெல்லாம் என் வாய் வழியாகத்தான்.

“மூணு காப்பி, ரெண்டு வடைன்னு உங்க அத்தகிட்ட சொல்லுலே.”

“உளுந்து இன்னும் அரைபடலன்னு அவுககிட்ட சொல்லு.”

ஏறி இறங்கிக் கால் ஓய்ந்த பிறகுதான் மூளை வேலை செய்தது. பழைய இரும்புக் கடையில் கிடந்த இரண்டு காலிங் பெல், மைக்செட் அண்ணாச்சி கழித்துப்போட்ட வயர், டார்ச் பேட்டரிக் கட்டைகள், பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த அமுக்குத் தகடு. மேலே அமுக்கினால் கீழே அடிக்கும். கீழே அமுக்கினால் மேலே அடிக்கும். எத்தனை காப்பியோ முதலில் அத்தனை அடி, அடுத்து வடைக்கு.

முதல் நாளே மானம் போயிற்று. மாமா படபடவென்று அமுக்கியதில் மூன்று காப்பியும் இரண்டு வடையும் ஒட்டிக்கொண்டு, ஐந்து காப்பியாக மேலே வந்தது.

“என்ன அண்ணாச்சி, வடையக் காப்பியில கரைச்சிட்டியளோ?” என்றார் பெஞ்சில் இருந்தவர்.

“வேணும்னே மாத்தி அனுப்புதா!” என்று மாமா கத்தியது பள்ளம் வரை கேட்டுவிட்டது. அத்தை கரண்டியைப் போட்டுவிட்டு டிரங்குப் பெட்டியை இழுத்தாள்.

“சாயங்கால பஸ்ஸுக்கு ராயகிரிக்குப் போறேன். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்னு சொல்லிருலே.”

அதை நான் போய்ச் சொல்லவில்லை. வயரில் பழுதில்லை, அடிக்கிற முறையில்தான் பழுது என்று பட்டது. கடைக்கு எதிரே எண்ணெய் தேய்ப்பவர் ஒருத்தர் ஆளைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். தப்... தப்... தப்... என்ன அளவு! அந்தத் தட்டுக்கு ஓர் அமுக்கு, அதைவிட வேகம் கூடாது என்று மாமாவிடம் சொன்னேன். அதே தாளத்தை அத்தைக்கு அம்மியில் தட்டிக் காட்டினேன். முதலில் நீளமாக ஓர் அடி: கேட்கிறதா? கீழேயிருந்து ஓர் அடி பதில் வந்தால்தான் காப்பிக் கணக்கைத் தொடங்கலாம். மறுபடி ஒரு நீள அடி, அப்புறம் வடைக் கணக்கு.

“ஒரே ஒரு தடவ பாருங்க அத்த. தப்பினா நானே பெட்டியத் தூக்கிட்டு வாரேன்.”

தப்பவில்லை. அடுத்ததும் தப்பவில்லை. சாயங்கால பஸ் போய்விட்டது. பெட்டி அடுக்களை மூலையிலேயே இருந்தது.

சில நாள் கழித்து மலையில் பேய்மழை. அருவியில் யாரையும் குளிக்க விடவில்லை, பெஞ்செல்லாம் காலி. அப்போது மேலேயிருந்து பெல் நீளமாக அடித்தது. கீழேயிருந்து ஓர் அடி பதில் போயிற்று. அதோடு சரி, ஆர்டர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து நீள அடி, மேலேயிருந்து பதில். மறுபடியும் மேலேயிருந்து. எங்கோ ஈரம் ஏறிவிட்டது என்று நான் பதறி ஓடினேன். மாமா தகட்டில் விரலை வைத்தபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லைன் இருக்கான்னு பாத்தேன்லே.”

கீழே போனால் அத்தை அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “லைனெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ ஒண்ணையும் பிரிச்சிராத.”

கேட்பேனா? மழை விடும்வரை இணைப்பு இணைப்பாகப் பிரித்துச் சுரண்டினேன். பழுது அகப்படவேயில்லை. என் வேலையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. மூலையில் இருந்த பெட்டி எப்போது பரணுக்குப் போனது என்றுகூட நான் பார்க்கவில்லை.

மாமாவின் அறுபதாம் கல்யாணத்தில், தான் வந்து பேசித்தான் இரண்டு பேரையும் சேர்த்துவைத்ததாக அத்தையின் அண்ணன் மைக்கைப் பிடித்துச் சொன்னார். ஆய்க்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டதால்தான் என்றாள் என் அம்மா. முருகனோடு நான் போட்டிக்கு வரவில்லை. ஆனால் ராயகிரிக்காரர் வந்து இறங்கியபோது அந்தப் பெட்டி பரணில் ஏறி வெகுநாளாகியிருந்தது. இனி இந்தக் கதையை யார் சொன்னாலும், வயர் இழுத்தவன் நான்தான் என்று என் பேரைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.