கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போன ஊர்

பிள்ளை வளர்ந்த காலம் முழுக்க எங்கள் கட்டிலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படுத்தோம். என் கணவருக்குப் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். எனக்குப் பள்ளிக்கூடக் குசினியில் பகல் வேலை. அவர் விடியக் காலமை வந்து சப்பாத்தைக் கழற்றும்போது நான் என்னுடையதைப் போட்டுக்கொண்டிருப்பேன். "பிள்ளைக்கு இருமல்", "பால் முடிஞ்சுது", "கவுன்சில் ஆள் பின்னேரம் வரும்" என்று வாசலில் நின்று இரண்டு வசனம். பிறகு நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். தென்லண்டன் மோர்டனில் எங்கள் தெருவில் இருந்த மற்றத் தமிழ் வீடுகளும் இப்படித்தான் ஓடின. அதனால் எங்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகுதான் வீடு பெரிதாகத் தெரிந்தது. அவர் முன்னறையில் செய்தி பார்ப்பார். நான் குசினியில் நிற்பேன். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், "நல்லாயிருக்கு" என்பார், போய்விடுவார். கோபம் ஒன்றுமில்லை. ஒருவரோடு ஒருவர் இருந்து கதைக்கிற பழக்கம் எங்களுக்கு வரவே இல்லை, அவ்வளவுதான்.

கிங்ஸ்பரியில் இருக்கும் மகள் இதை எப்போது கவனித்தாளோ தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போனைக் காட்டினாள். "அம்மா, அப்பா, ஐ ஹாவ் புக்ட் இட். நோ ஆர்கியுமென்ட்ஸ்." கலிபோர்னியாவில் ஏறி மெக்சிக்கோக் கரையோரமாகப் போய்த் திரும்பிவரும் சொகுசுக் கப்பல். அவர் போனை வாங்கி அந்த வெள்ளைக் கப்பலைக் கனநேரம் பார்த்தார். "இவ்வளவு பெரிசோ?" என்று மட்டும் கேட்டார்.

தை மாதம், லண்டன் நரைத்துப்போய்க் கிடந்த நேரம் வெளிக்கிட்டோம். கப்பலில் எங்களைப்போல வயதானவர்கள்தான் அதிகம். சாப்பிட்டார்கள், நித்திரை கொண்டார்கள், திரும்பவும் சாப்பிட்டார்கள். நாங்கள் மேல்தட்டில் இரண்டு சாய்கதிரைகளைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். ஒரு பக்கம் முழுக்க மெக்சிக்கோ மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மரமில்லாத மண்ணிற மலைகள், அடியில் வெள்ளை நுரை, இடைக்கிடை ஒரு சின்ன ஊர். கூழைக்கடாக்கள் வரிசையாகத் தண்ணீரைத் தொடுவது மாதிரிப் பறந்தன.

"என்ன பாக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"கடலைத்தான்."

"என்ன யோசிக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லை."

மசத்லான் என்ற துறைமுகத்தில் கப்பல் ஒரு நாள் நின்றது. திறந்த வண்டி ஒன்றைப் பிடித்து ஊருக்குள் போனோம். கடலை ஒட்டி நீளமான ஒரு நடைபாதை இருந்தது. ஒரு பெண் மாங்காயைப் பூப்போலச் செதுக்கி, மிளகாய்த்தூளும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டுக் கொடுத்தாள். அவர் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்று வாங்கினார். நிழலில் கிடந்த ஒரு மர வாங்கில் இருந்து இளைப்பாறினோம். அவர் மணிக்கூட்டைப் பார்த்து, "இன்னும் நேரம் கிடக்கு" என்றார். எனக்கும் எழும்ப மனம் வரவில்லை.

அதற்கு முதல்நாள் கப்பலில் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு மாற்றியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள். அந்தக் கப்டன் மூக்கால் கதைக்கிற மனுஷன், நாங்கள் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டோம். செலவு வருமென்று போனையும் நிறுத்தி வைத்திருந்தோம். அவருடைய கையில் கட்டியிருந்தது கலிபோர்னியா நேரம்.

துறைமுக வாசலுக்கு வந்தபோது கப்பல் கரையை விட்டு நகர்ந்திருந்தது. நடுவில் இருந்த தண்ணீர் ஒரு தெருவளவுதான். மேல்தட்டில் சிலர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. நான் சீலைத் தலைப்பைப் பிடித்து ஆட்டினேன், கத்தினேன். கப்பல் தன்பாட்டுக்குத் திரும்பியது. எங்கள் உடுப்பு, மருந்து, பாஸ்போர்ட் எல்லாம் அதற்குள்.

பாஸ்போர்ட் என்று நினைத்ததும், இல்லையென்று தெரிந்தும் கைப்பையைத் திறந்து கிளறிப் பார்த்தேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்து எத்தனையோ வருசமாகிவிட்டது. ஆனாலும் அது கையில் இல்லையென்றால் நான் இன்னும் குடிவரவு வரிசையில் நின்ற அந்தப் பழைய ஆள்தான். கொங்கிறீட் தரையில் குந்தி இருந்து அழத் தொடங்கினேன்.

அவர் கம்பி வேலியைப் பிடித்தபடி கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நெஞ்சு நோகுதோ என்று பயந்து நிமிர்ந்தேன். அவர் திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. பயமும் இல்லை, கோபமும் இல்லை. நித்திரையால் எழும்பியவர் மாதிரி இருந்தார்.

"எழும்பும்," என்றார். "முதல்ல தண்ணி வாங்குவம்."

"தண்ணியோ? கப்பல் போட்டுது அப்பா!"

"ஓம், போட்டுது. அழுதா வராது. தண்ணி, பிறகு படுக்க ஒரு இடம், பிறகு சவுக்காரம். மிச்சத்தை அதுக்குப் பிறகு யோசிக்கலாம்."

வாசலில் வெள்ளைச் சேர்ட் போட்ட ஒருவர் எங்களைத் தேடி வந்தார். கப்பல்காரரின் ஆள். எங்கள் அறையைத் திறந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்து இவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் போயிருந்தது. அடுத்த நாள் முழுக்க அது கடலில்தான் ஓடும். அதற்கு மறுநாள் காலை புவெர்ட்டோ வயார்ட்டாவில் போய் ஏறலாம், பஸ்ஸில் ஒரு பகல் பயணம் என்றார். நான் பாஸ்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்து அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் அந்த ஆளிடம் பஸ் எங்கே எடுப்பது, டிக்கெட் இப்போதே வாங்க வேண்டுமா, வழியில் மலசலகூடம் இருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். லண்டனில் டொக்டரிடம் போனால் என்னைக் கதைக்க விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன்.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு குடும்பம் நடத்தும் சின்ன விடுதி. அறையை எடுக்க முன்னம் கதவின் பூட்டை இரண்டு தரம் பூட்டித் திறந்து பார்த்தார். அந்த வீட்டுக்கார அம்மாவோடு கையாலும் முகத்தாலும் கதைத்து ஒரு கட்டிச் சவுக்காரமும் சோள ரொட்டியும் பருப்புக் கறியும் வாங்கி வந்தார். சாப்பிட்டு முடிய என்னுடைய சீலையையும் தன்னுடைய சேர்ட்டையும் தோய்த்தார். நான் விடுதிக்காரியின் பெரிய கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தேன். அவர் ஈரச் சேர்ட்டைத் துவாய்க்குள் வைத்துச் சுருட்டி, நிலத்தில் போட்டு, மேலே ஏறி நின்று மெல்ல மிதித்தார்.

"என்ன செய்யிறீங்கள்?"

"இப்பிடிச் செய்தா விடியக் காய்ஞ்சிடும். குளிர் நாட்டிலயே காயும்."

"இதை எங்க பழகினனீங்கள்?"

"அங்கதான்," என்றார், கால் மாற்றிக்கொண்டு.

'அங்க' என்றால் எனக்கு விளங்கியது. கலியாணம் முடித்து நாலு மாதத்தில், சண்டை நேரம், அவர் ஊரை விட்டு வெளிக்கிட்டார். லண்டனுக்கு வந்து சேர இரண்டு குளிர்காலம் பிடித்தது. கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரன் கிழக்கு ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் இவரையும் கூட வந்த பெடியளையும் விட்டுவிட்டு மறைந்துவிட்டான். எனக்குச் சொல்லப்பட்டதெல்லாம் "வழியில கொஞ்சம் சுணங்கிப்போச்சு" என்பது மட்டும். பிறகு நான் லண்டனுக்கு வந்தபோது விமான நிலையத்தில் மெலிந்த, மயிர் கொட்டின ஒருவர் கூட்டிக்கொண்டு போக நின்றார். அடுத்த கிழமை இரவு ஷிப்ட் தொடங்கிவிட்டது.

மறுநாள் காலமை பஸ் ஏறினோம். சேர்ட் காய்ந்திருந்தது. என்னை யன்னல் பக்கம் இருக்கச் சொன்னார். சமவெளியில் சோளமும் மிளகாயும் போய், பிறகு மலை ஏறத் தொடங்கியது. நீலம் கலந்த பச்சையில் கற்றாழைத் தோட்டங்கள் சரிவெல்லாம் வரிசையாக நின்றன. எங்களுக்கு இறங்கிப்போக ஒரு இடமுமில்லை, வேலை ஒன்றுமில்லை. நான் கேட்டேன்.

"அங்க என்னப்பா செய்தனீங்கள், இரண்டு வருசமா?"

வழக்கம்போல ஒண்டுமில்லை என்பார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சொல்லத் தொடங்கினார். ஒரே அறையில் இருந்த பெடியள் முறைவைத்துப் படுத்தது. அறைக்குள் மூச்சு முட்டும் என்று பகலில் வெளியே போய் நடந்துகொண்டே இருந்தது. ஒரு பேக்கரிக்காரக் கிழவி முதல்நாள் மிஞ்சின பாணைக் கொடுத்துத் தன்னுடைய வாசலில் பனி தள்ளச் சொன்னது. ஆற்றுக்கு மேலே ஒரு பாலம். அதில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பிவந்து, குளிருக்கு நின்றுவிடாமல் நடந்தது.

"தனியவோ நடப்பீங்கள்?"

"உம்மோடதான்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்தில நீர் வாறீர் எண்டு நினைச்சுக் கதைச்சுக்கொண்டு நடப்பன். வாய்விட்டுத்தான். அங்க ஆருக்குத் தமிழ் விளங்கப்போகுது? கிழவி பாண் தந்தது, ஒரு பெடியன் அழுதது, சப்பாத்து ஓட்டையானது, எல்லாம் சொல்லுவன். ஒரு நாளும் விட்டதில்லை."

"பிறகேன் நான் வந்த பிறகு ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "எல்லாத்தையும் அப்பவே உமக்குச் சொல்லிப்போட்டன் எண்ட மாதிரி இருந்தது. திருப்பிச் சொல்ல என்ன கிடக்கு?"

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. என் தோள் அவருடைய தோளில் போய் முட்டியது. நான் எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் துறைமுகத்தில் வந்த அழுகை இல்லை. அந்தப் பாலத்தில் அவரோடு நடந்தவளை நினைத்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் அந்த நேரம் ஊரில் மாமி வீட்டில் அரிசி பொறுக்கிக்கொண்டு, இவர் என்னை மறந்துவிட்டாரோ என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தந்ததையெல்லாம் அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். அவளில் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"நான் என்ன மறுமொழி சொல்லுவன், அங்க?"

"நீர் கதைக்க மாட்டீர். கேட்டுக்கொண்டு வருவீர்." கொஞ்சம் சிரித்தார். "சிலநேரம், மெல்லமா நடவுங்கோ எண்டு சொல்லுவீர்."

அந்தப் பயணம் முடியும்வரை கதைத்தார். கேள்வி கேட்டால் நிற்பார், யோசிப்பார், பிறகு இன்னும் கொஞ்சம் சொல்வார். கடல் திரும்பத் தெரிந்தபோது, பஸ் எங்காவது பழுதாகி நிற்கக்கூடாதா என்று நான் மனதுக்குள் கேட்டது உண்மை.

அடுத்த நாள் கப்பலில் ஏறியபோது சாப்பாட்டு மேசையில் கை தட்டினார்கள். எங்கள் பக்கத்து அறை வெள்ளைக்கார அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள்" என்றாள். அவர் சங்கடப்பட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் சாய்கதிரையில் படுத்தபடி, "பேந்து அந்தக் கிழவிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன். "எந்தக் கிழவி?" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. கரை இப்போது மற்றப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

லண்டனுக்கு வந்ததும் மகள் ஏசினாள், பிறகு சிரித்தாள், பிறகு "ஹொலிடே எப்பிடி அப்பா?" என்று கேட்டாள். "பரவாயில்லை, சாப்பாடுதான் கூடிப்போச்சு" என்றார். முன்னறையில் செய்தி தொடங்கியது.

நான் சும்மா விடவில்லை. சாப்பிடும்போது, கடைக்குப் போகும்போது, பாலத்தைப் பற்றி, பெடியளைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் சொன்னன்தானே" என்பார். உண்மை. சொல்லிவிட்டார். ஒரு பகல் முழுக்கச் சொன்னார். எனக்குத்தான் போதவில்லை.

போன கிழமை குசினி யன்னலால் பார்த்தேன். அவர் பின்வளவில் வேலியோரமாக மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டியிருந்தார். வாய் அசைந்தது. நான் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். என்னைக் கண்டதும் வாய் நின்றுவிட்டது.

"ஆரோட கதைச்சனீங்கள்?"

கொஞ்சம் வெட்கப்பட்டார். "உம்மோடதான்."

"என்ன சொன்னீங்கள்?"

"தக்காளிக்கு இந்தமுறை வேளைக்கு மண் கொத்த வேணும் எண்டு."

"வேற?"

"வேற ஒண்டுமில்லை."

அவர் திரும்பவும் நடக்கத் தொடங்கினார். நானும் பக்கத்தில் போனேன். எங்கள் வளவு சின்னது, உடனுக்குடன் திரும்பவேண்டி வரும். அவர் ஒன்றும் கதைக்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. இருட்டுப்படும்வரை, இனிச் சொல்வார், இனிச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.