மூக்கிரட்டைக் கீரையும் உப்பில்லாத சோறும்

கல்யாணமாகிப் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி ஊருக்கு வந்த அடுத்த வருஷமே என் வீட்டுக்காரருக்கு முகம் வீங்க ஆரம்பித்தது. வாளையாரிலிருந்து சிமெண்டு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் கண் இமை உப்பி வேறு யாரோ போல இருப்பார். தூக்கம் போதவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒருநாள் செருப்பைக் கழற்றியபோது வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. பிடிவாதமாக ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் மலையாளத்தில் கேட்டார். இவர் சட்டைப் பையிலிருந்து வலி மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். முதுகுவலிக்கு வழியோரக் கடையில் வாங்கி, வெற்றிலை போடுகிற மாதிரி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கே அன்றுதான் தெரியும்.

மூத்திரத்தைச் சோதித்துவிட்டு, மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது, இனிமேல் தொடவே கூடாது, உப்பும் ஆகாது என்றார் டாக்டரம்மா. ஏதாவது கீரை கொடுக்கலாமா என்று கேட்டேன். தழுதாம கொஞ்சமாகச் சமைத்துக் கொடு, கஷாயம் வேண்டாம் என்றார். நான் விழித்ததைப் பார்த்து, ஜன்னல் வழியே மதிலோரம் படர்ந்திருந்த செடியைக் காட்டினார். எங்கள் தென்னந்தோப்பில் காலில் மிதிபடும் மூக்கிரட்டைதான் அது.

பறித்துவந்து பாசிப்பருப்போடு கடைந்து கொடுத்தேன். உப்பில்லாத அதை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரை அப்படி விட்டுவிட்டு நான் மட்டும் ருசியாகச் சாப்பிட மனசு வரவில்லை. எனக்கும் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டேன். அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருநாள் என் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தவர், மெல்லுவதை நிறுத்தினார்.

"ஏம்புள்ள, உனக்கென்ன நோவு?"

"ஒண்ணுமில்லீங்க. நா மட்டும் உப்புப் போட்டுத் தின்னா எறங்குமுங்களா?"

அவர் சட்டியில் மிச்சமிருந்த கீரையைத் தனக்குப் போடச் சொன்னார். அப்புறம் ஒருநாளும் தட்டைத் தள்ளியதில்லை.

முதுகுவலிதான் படுத்தியது. ஒரே ஒரு மாத்திரை கொடு என்று கெஞ்சிய சாயங்காலங்கள் உண்டு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். தூர ஓட்டத்தை விட்டுவிட்டுப் பக்கத்து ஓட்டம் மட்டும் போனார்.

மழைக்காலம் முடிவதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. கீரைதான் காப்பாற்றியதா என்று இவர் டாக்டரம்மாவிடம் கேட்டார். மாத்திரையை விட்டதுதான் முக்கியம், கீரையும் உதவியிருக்கலாம், பிரித்துச் சொல்லத் தெரியவில்லை என்றார் அவர். இனிக் கொஞ்சம் உப்புச் சேர்க்கலாம் என்றும் சொன்னார். அன்று மத்தியானம் இவர் உப்பை எடுத்து முதலில் என் சோற்றில்தான் தூவினார்.

மருந்தியல் படித்த எங்கள் மகள், அந்தக் கீரையில் ஆன்டிஆக்சிடென்ட் இருக்கிறது, சிறுநீரகத்தைக் காக்குமா என்று இன்னும் ஆராய்கிறார்கள் என்கிறாள். அவள் விவரிக்கும்போது அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். தலை நரைத்துவிட்டது, காதும் கொஞ்சம் மந்தம். சிறுநீரகம் மட்டும் இதுவரை ஒரு தொந்தரவும் தரவில்லை.