புருவ மத்தி

எனக்குக் குரல் சிறியது. ஓட்டலில் இன்னொரு காபி கேட்டால் சர்வருக்குக் கேட்காது. பக்கத்து மேசைக்காரர் பரிதாபப்பட்டு எனக்காக அவரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். இந்தக் குரலை வைத்துக்கொண்டு மென்பொருள் தொழிலில் இத்தனை வருடம் காலம் தள்ளியதற்கு, கம்ப்யூட்டருக்குக் காது கிடையாது என்பதுதான் காரணம்.

எனக்குக் கீழே ஒரு குழுவைக் கொடுத்தபோதுதான் வினை ஆரம்பித்தது. எங்கள் பிரிவின் தலைமை வைஸ் பிரசிடெண்ட், சுருக்கமாக வி.பி., ஒரு நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் நீங்கள் ரூமில் இருப்பதே தெரிய மாட்டேன் என்கிறது என்றார். ரூமில் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

அதைக் கேட்டு எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. நாங்கள் ஓர் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் கொடுக்கும் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை காலை தொடங்கிவைப்பதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கூட்டம் அதிகமானால் ஒரே டோக்கன் எண் இரண்டு பேருக்கு விழுகிறது என்று எங்கள் குழுவில் சோதனை பார்க்கும் பெண் கண்டுபிடித்திருந்தாள். டாக்டர் அறை வாசலில் இரண்டு பேர் கையில் ஒரே எண் இருந்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த ரகளையில் யாரோ ஒரு சர்க்கரை நோயாளி வெறும் வயிற்றோடு மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார். என் அப்பா அப்படி ஒரு வாசலில் மயங்கி விழுந்ததைப் பார்த்தவன் நான்.

போன வாரக் கூட்டத்திலேயே இதைச் சொன்னேன். சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் உதடு அசைவதைப் பார்த்த ஒருவர், எனக்குக் குளிர்கிறது போலிருக்கிறது என்று எழுந்து போய் ஏசியைக் குறைத்துவிட்டு வந்தார். வெள்ளிக்கு முன்னால் மிச்சமிருந்தது புதன்கிழமைக் கூட்டம் ஒன்றுதான்.

அதற்குள் என்னை ஒரு ஆளாக்கிவிட வேண்டும் என்று வி.பி. சனிக்கிழமை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். தி.நகரில் பாத்திரக்கடை மாடியில் வகுப்பு. கீழே அண்டா உருளும் ஒவ்வொரு தடவையும் பயிற்சியாளர் கண்ணை மூடிக் காத்திருந்து, பிறகு பேசினார். தானும் ஒரு காலத்தில் கூச்ச சுபாவிதான் என்று அவர் சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை. அவர் கொடுத்த மந்திரம் இரண்டு. எதற்கும் உடனே பதில் சொல்லாதே, ஒரு முழு மூச்சு விட்டுவிட்டுச் சொல். கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் எதிராளியின் புருவ மத்தியைப் பார். அவருக்கு வித்தியாசமே தெரியாது, உன் பார்வைக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும்.

அவர் இந்த வித்தையை எந்த ஊரில் கற்றுக்கொண்டாரோ தெரியாது. நான் குடியிருப்பது மயிலாப்பூரில். எங்கள் பக்கத்தில் புருவ மத்தி சும்மா கிடக்கும் இடமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் குழம்பு எப்படி என்று மனைவி கேட்டாள். நான் ஒரு முழு மூச்சு விட்டு அவள் புருவ மத்தியைப் பார்த்தேன். அவள் எழுந்து போய்க் கண்ணாடியில் பொட்டைச் சரிபார்த்துவிட்டு வந்தாள். பொட்டில் குறை இல்லை என்றானதும் குழம்பில்தான் குறை என்று அவளே தீர்மானித்தாள். இந்த அழுத்தத்துக்கு உப்பு இல்லை என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் என்றாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. ராத்திரிக்கு எனக்குத் தயிர்சாதம் மட்டும் வந்தது.

கீழ்வீட்டு மாமா, ஊரிலிருந்து வரும் தன் மாப்பிள்ளையின் காரை எங்கள் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்க வந்தார். அவர் நெற்றியில் பளிச்சென்று விபூதிப் பட்டை. நான் பார்த்த பார்வையில் விறுவிறுவென்று இறங்கிப் போய்ப் புதிதாக இட்டுக்கொண்டு திரும்பி வந்தார். "ஆத்துல கண்ணாடியை ஒசரமா மாட்டிண்டுட்டோம், சரியாவே தெரியறதில்லை," என்று சமாதானம் வேறு சொன்னார். வந்த காரியத்தைக் கேட்க மறந்தே போனார்.

சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய், ஊரூர் குப்பத்துப் படகுகளுக்குப் பக்கத்தில் நின்று, தேதியைத் தள்ளணும், தேதியைத் தள்ளணும் என்று அடிக்குரலில் கடலிடம் சொல்லிப் பார்த்தேன். படகு நிழலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இன்னா சார், பொண்ணு வூட்ல ஒத்துக்க மாட்றாங்களா?" என்றார். மூச்சு விட்டு அவர் புருவ மத்தியைப் பார்த்தேன். அவர் நெற்றியைத் தடவி, ஒட்டியிருந்த மீன் செதிலை எடுத்துப் போட்டுவிட்டு எனக்குத் தாங்க்ஸ் சொன்னார். அந்தப் பயிற்சியால் ஒரு மனிதருக்குப் பலன் கிடைத்தது என்றால் அவருக்குத்தான்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் என் குழுவே நெற்றியைத் தொட்டுக்கொண்டு திரிந்தது. சோதனை பார்க்கும் பெண் மானிட்டர் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையையே ஒட்டி வைத்துவிட்டாள். கடைசியில் பொறுக்க முடியாமல், "சார், என் பொட்டை விடுங்க. புதன்கிழமை டோக்கன் விஷயத்தைச் சொல்லுவீங்களா, மாட்டீங்களா?" என்றாள். சுருக்கென்று இருந்தது.

புதன்கிழமை கூட்டத்தில் வி.பி. வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் தயார், தயார் என்றார்கள். அவர் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்க வேண்டும், நெற்றியில் பெரிய குங்குமம். என் முறை வந்தது. மூச்சை இழுத்துவிட்டு அவர் புருவ மத்தியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார், என் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. காலையில் இட்ட விபூதி கோணிவிட்டதா? கை தானாக நெற்றிக்குப் போனது. அதே நேரம் அவர் கையும் போனது. குங்குமம் புருவத்தைத் தாண்டிக் காதுப் பக்கம் இழுத்துக்கொண்டது. இரண்டு பேரும் கையை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தோம். மறுபடி துடைத்தோம். யாரும் பேசவில்லை. ஆன்லைனில் இருந்தவர்கள் ஆடியோ போய்விட்டது என்று வெளியேறித் திரும்ப உள்ளே வந்தார்கள். அறையில் இருந்தவர்கள் எங்களுக்குள் ஏதோ பெரிய சண்டை என்று முடிவு கட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நிசப்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. பயிற்சி, கம்பீரம், அடிக்குரல் எல்லாம் காற்றில் போயிற்று.

"சார், ஒரே டோக்கன் ரெண்டு பேருக்கு விழுது. வெள்ளிக்கிழமை இதை விடக் கூடாது. விட்டா யாராவது மயங்கி விழுவாங்க."

என் பழைய சிறிய குரல்தான். ஊசி விழுந்தால் கேட்கும் அறையில் அது கடைசி நாற்காலி வரை போனது. வி.பி. இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்றார். போன வாரமே சொன்னேன் சார் என்றேன். ஏசியைக் குறைத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். தேதி தள்ளிப்போடப்பட்டது. சோதனை பார்க்கும் பெண் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு வி.பி. என்னை லிஃப்ட் பக்கம் நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, "தி.நகர், பாத்திரக்கடை மாடியா?" என்றார்.

ஆமாம் என்றேன். தனக்குப் போன மாதம் என்றார். அவருக்கு மேலே இருப்பவர், நீங்கள் ரூமில் இருப்பதே தெரியவில்லை என்று வார்த்தை மாறாமல் அவரிடம் சொல்லி அனுப்பினாராம். டோக்கன் தகராறு வி.பி. காதுக்கும் முன்னாடியே எட்டியிருக்கிறது. மேலே போய்ச் சொல்ல வாய் வரவில்லை. நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தேன். நல்ல தூக்கம் தூங்கிப் பல நாள் ஆன கண்.

கைக்குட்டையைக் கொடுத்தேன். காது வரை குங்குமம் சார் என்றேன். துடைத்துக்கொண்டே மாடிப் பக்கம் பார்த்தார்.

"தேதி தள்ளியாச்சுன்னு இப்ப மேல போய்ச் சொல்லணும். நீங்களும் கூட வாங்களேன். நீங்க பேசினா கேக்கறாங்க."

இத்தனை வயதில் என்னைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை. மூச்செல்லாம் விட்டுக்கொண்டு நிற்கவில்லை. வரேன் சார் என்றேன்.