பழைய காப்பியில் தீக்ஷா

செல்போன் அடித்தால் முத்துக்கண்ணன் அண்ணன் உடனே எடுக்க மாட்டார். மவுஸிலிருந்து கையை எடுப்பார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். எழுந்து, செருப்பை மாட்டாமல் வாசல்வரை போய், செக்காலை ரோட்டுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி பேசுவார். நாலு வார்த்தைக்கு மேல் போகாது.

"என்னண்ணே, பொண்ணு வீட்டுல இருந்தா?" என்பாள் பக்கத்து மேஜை காளீஸ்வரி அக்கா. "நரைச்ச பெறகு உங்களுக்கே ஒரு வரன் அமைஞ்சிருச்சு போல!"

அவர் சிரித்துக்கொண்டே பொத்தானைக் கழற்றுவார்.

நாங்கள் வேலை பார்த்தது மீனாட்சிசுந்தரம் ஐயாவின் திருமணத் தகவல் மையத்தில். தேவகோட்டையிலும் நாட்டரசன்கோட்டையிலும் கிளைகள். ஜாதகங்கள் எல்லாம் நாங்கள் இருந்த செக்காலைத் தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தன. அவற்றைத் திறந்து காட்டும் புரோகிராமின் காப்பி ஒவ்வொரு மேஜையிலும் இருந்தது. அதை எழுதியவர் அண்ணன்தான். ஏதாவது திருத்தினால் பஸ் ஏறிப் போய்க் காப்பி காப்பியாக மாற்றுவதும் அவர்தான்.

சித்திரையில் மீனலோசனி ஆச்சி வந்தார்.

"தம்பி, எம் மக தீக்ஷா போய்ச் சேந்துட்டா. இன்னமும் ஜாதகம் பொருந்துதுன்னு போன் பண்றாக. நான் என்னன்னு சொல்ல? இது அவ வச்சிருந்த நம்பரு. மாத்தவும் மனசு வரலை."

பதிந்த ஜாதகத்தையோ எண்ணையோ அழிக்க ஐயா விடமாட்டார். அதனால், 'நிறுத்தம்' என்று குறித்துவிட்டால் ஜாதகம் திரையில் வராதபடி அண்ணன் புரோகிராமைத் திருத்தினார். காப்பிகளை மாற்ற நானும் கூடப் போனேன்.

நாட்டரசன்கோட்டைக் கிளையில் வேலை பார்த்த பொன்னழகு மானிட்டரை மறைத்து நின்றான். அதன் ஓரத்தில் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது.

"புதுச வச்சுட்டுப் போங்கண்ணே. பழச மட்டும் அழிச்சிராதீக. சரஸ்வதி பூசைக்குச் சாமி கும்பிட்டுத் திறந்தது. அதுல பாத்தாத்தான் வரன் அமையுது."

அழித்துவிட்டுத்தான் வந்தோம். ஆனால் பழைய காப்பி ஒன்றை அவன் பென் டிரைவில் வைத்திருந்தான். பக்கத்து மேஜைக்கும் கொடுத்தான். தேவகோட்டையிலும் இதே கதை. பழைய காப்பிக்கு 'நிறுத்தம்' என்றால் என்னவென்று தெரியாது. தீக்ஷா வந்துகொண்டே இருந்தாள்.

"பழசு எதுவுமே திறக்காம பூட்டிரலாங்கய்யா" என்றார் அண்ணன்.

"முகூர்த்த மாசத்துல கடையப் பூட்டச் சொல்றியா? போயி வேலையப் பாருப்பா."

அண்ணன் மறுபடி பஸ் ஏறினார். மறுபடியும் அதே பதில்கள். ஆச்சி இரண்டாம் தடவை வந்தபோது, அடித்துக்கொண்டிருந்த போனை அண்ணனின் மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அது ஓயும்வரை நாங்கள் யாரும் தொடவில்லை.

அதன்பிறகு ஆச்சி வரவில்லை. காப்பிகள் சரியாகிவிட்டன என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில், சென்னைக் கம்பெனியின் புரோகிராம் வரப்போகிறது என்று ஐயா அண்ணனை நிறுத்திவிட்டார். வழியனுப்பக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. நானுந்தான்.

சென்னைக்காரர்கள் வந்தபாடில்லை. ஒருநாள் எங்கள் ஆபீசுக்கு வந்த பொன்னழகு, தன் பென் டிரைவைச் செருகி, ஒரு மாப்பிள்ளைக்குப் பொருத்தம் பார்த்தான். தீக்ஷாவின் ஜாதகம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் திரையிலிருந்த எண்ணை ஆபீஸ் போனில் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

நெடுநேரம் அடித்தது. பிறகு முத்துக்கண்ணன் அண்ணனின் குரல் கேட்டது.

"அந்தப் பிள்ளைக்கு இப்பப் பாக்கலைங்க."

ஆச்சியின் எண்ணை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவர் தன் எண்ணைப் போட்டு வைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.